சாப்பிட்டாச்சா... ஓவர்!

ஹாம் ரேடியோ என்றாலே பலருக்கும் ஒரு சினிமாக் காட்சிதான் மனதில் வரும். காதில் ஹெட்போன், எதிரே விளக்கு மினுக்கும் பெட்டி, உலகத்தின் மறுகோடியிலிருந்து கரகரவென்று ஒரு குரல். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஹாம் சாயங்காலத்தில் தன் வி.எச்.எஃப் செட்டில் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் அந்தக் காட்சி கலைந்துவிடும்.

"சிக்னல் எப்படி இருக்கு சார்?"
"ஃபைவ் நைன் சார், அருமையா இருக்கு."
"இங்க ஒரே மழை. அங்க?"
"தூறல்தான். சாப்பிட்டாச்சா? ஓவர்."
"ஆச்சு சார். கேபிள் மாத்தினேன், ஏதாவது வித்தியாசம் தெரியுதா? ஓவர்."

அவ்வளவுதான்! இதற்கு ஒரு பரீட்சை, ஒரு லைசென்ஸ், மொட்டை மாடியில் இருபதடி ஜி.ஐ. பைப். "இதை போன்லயே கேட்டுக்கக் கூடாதா?" என்று வீட்டில் இருப்பவர்கள் கேட்பது நியாயமாகத்தான் படும்.

வேடிக்கை என்னவென்றால், ஹாம்கள் இப்படித்தான் பேச வேண்டும் என்று சர்வதேச வானொலி விதியே சொல்லி வந்தது. பரிசோதனை சம்பந்தமான தொழில்நுட்பப் பேச்சு, அதோடு தந்திக்கும் தொலைபேசிக்கும் போகிற அளவுக்கு முக்கியமில்லாத சொந்த விஷயங்கள், இவைதான் அனுமதி என்ற பொருளில் ஒரு வாசகம் 2003 வரை அதில் இருந்தது. வியாபாரம் பேசக்கூடாது, ரகசிய பாஷை கூடாது என்பவை இன்றும் உண்டு. ஆக, வெட்டிப் பேச்சுக்கென்றே அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கும் ஒரே இடம் இதுதான் :)

இந்த வெட்டிப் பேச்சு டெல்டாவுக்கு அவசியம் தேவை. இப்போது இருப்பதைவிடப் பல மடங்கு தேவை. ஏன் என்று பார்ப்போம்.

இந்திய ஹாம்களுக்கு வி.எச்.எஃப்பில் கிடைத்திருப்பது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. '2 மீட்டர் பேண்ட்' என்பார்கள். சிற்றலை வரிசை (ஷார்ட் வேவ்) மாதிரி வானத்தில் மோதித் திரும்பிக் கண்டம் தாண்டுகிற சமாசாரம் இதில் பொதுவாகக் கிடையாது. கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமி வளைந்து மறைக்கும் இடத்தில் நின்றுவிடும். கணக்கு ரொம்பச் சுலபம். ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை எடுத்து ஏறத்தாழ 4.1 ஆல் பெருக்கினால் அந்த ஆன்டெனாவின் எல்லை கிலோமீட்டரில் வந்துவிடும். மாடிமேல் 10 மீட்டர் உயரம் என்றால் 13 கிலோமீட்டர். எதிர்முனையிலும் அதே உயரம் இருந்தால் இரண்டையும் கூட்டி 26. பெரிய கோயில் விமானம் 60 மீட்டருக்கும் மேல். அதன் உச்சியிலிருந்து 30 கிலோமீட்டருக்குச் சற்று மேலே போகும். (யாரும் பைப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், தொல்லியல் துறை சும்மா விடாது!)

கோடை பண்பலை 100.5 இத்தனை மாவட்டங்களில் கேட்பதற்குக் காரணம், அது 2000 மீட்டருக்கு மேல் ஒரு மலையில் உட்கார்ந்திருப்பதுதான். டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? கண்ணுக்கெட்டிய தூரம் வயல், வாய்க்கால், தென்னை. கடலோரத்தில் சில ராத்திரிகளில் இலங்கை எஃப்.எம். நிலையங்கள் பக்கத்துத் தெருவில் இருப்பதுபோலக் கேட்கும். கடல்மேல் குளிர்ந்த காற்றுக்கு மேலே சூடான காற்று படியும்போது அலைகள் வளைந்து தூரம் போவதால் வரும் அதிர்ஷ்டம் அது. நாளைக்கும் அது இருக்கும் என்று நம்பி எதையும் திட்டமிட முடியாது.

சரி, தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்குப் பேச என்ன வழி? தூரம் சுமார் 40 கிலோமீட்டர். நேராகப் போக இரண்டு பக்கமும் 25 மீட்டர் கம்பம் வேண்டும். அது நடக்கிற காரியமா? ஆனால் நடுவில் பாபநாசத்தில் ஒருவர் இருந்தால் போதும். இங்கே கேட்டதை அவர் அங்கே சொல்வார், அங்கே கேட்டதை இங்கே சொல்வார். மேட்டூர்த் தண்ணீர் கல்லணை தாண்டி வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கடைமடைக்குப் போவதுபோல, செய்தியும் ஆள் ஆளாகக் கைமாறித்தான் வேதாரண்யம் வரை போக வேண்டும். நடுவில் ஒரு மதகு அடைத்துக்கொண்டால் அதோடு சரி.

"சாப்பிட்டாச்சா"வின் அருமை இங்கேதான் தெரிகிறது. தினமும் பேசுகிறவருக்குத்தான் எந்த ஊருக்கு எந்த மூலையில் நின்றால் சிக்னல் போகும் என்பது அத்துப்படி. ஐப்பசி மழையில் கேபிள் இணைப்புக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்பது, நேற்று ஃபைவ் நைன் சொன்னவர் இன்றைக்கு ஃபைவ் த்ரீ சொல்லும்போது தெரிந்துவிடும். (முதல் எண் பேச்சின் தெளிவு, இரண்டாவது சிக்னலின் வலு.) பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், இடி இடிக்கும்போது எதை முதலில் கழற்ற வேண்டும், ஒரே நேரத்தில் நாலு பேர் பேச வந்தால் யார் முதலில், எல்லாமே பழக்கத்தில் வருவது. அவசரத்துக்கு என்று வாங்கிப் பீரோவில் பூட்டிய வாக்கி டாக்கி, அவசரத்தன்று சார்ஜ் இல்லாமல்தான் கிடக்கும்.

"செல்போன் காலத்தில் இதெல்லாம் எதற்கு?" என்பவர்கள் 2018 நவம்பர் 16ஐ ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். கஜா புயல் அன்று விடிவதற்கு முன் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே படுத்துவிட்டன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் செல்போன் டவர் எத்தனை நாளைக்கு டீசலில் ஓடும்? டவர் நின்றால் எவ்வளவு விலையுயர்ந்த போனும் வெறும் டார்ச் லைட்தான். ஒரு சிறிய வி.எச்.எஃப் செட்டோ, சிக்கனமாகப் பேசினால் ஒரு பைக் பாட்டரியில் ஒரு நாள் ஓடும்.

காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொந்த வயர்லெஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதில் போவது அரசுச் செய்தி. தகட்டூரில் இருக்கும் அம்மா உயிரோடு இருக்கிறார் என்று திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்குச் சொல்ல அதில் இடமிருக்காது. இதைச் சொல்லத்தான் ஹாம்கள் வேண்டும்.

2004 டிசம்பர் 26ஐயும் மறக்க முடியாது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுனாமியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோன அந்த நாளில், பாரதி பிரசாத் என்ற ஹாமும் அவருடைய குழுவினரும் போர்ட் பிளேரில் இருந்தார்கள். அந்தமானில் ஹாம் ரேடியோவுக்கு அனுமதி கிடைப்பதே அபூர்வம். அதைப் பெற்று, உலகம் முழுக்க உள்ள ஹாம்களோடு பேசி மகிழத்தான் போயிருந்தார்கள். அதாவது நம் வெட்டிப் பேச்சேதான், சிற்றலை வரிசையில். நிலம் குலுங்கியதும் அதே செட்டுகளைக் கொண்டு தீவுகளின் சேதியை நிலப்பகுதிக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். பொழுதுபோக்குக்காகப் போனவர்கள் அங்கே இல்லாதிருந்தால் அந்தச் செட்டும் அங்கே இருந்திருக்காது.

அப்புறம் ஏன் டெல்டாவில் இது பரவவில்லை? ஒரு காரணம் பயம். இந்தக் கடலோரத்தில் வயர்லெஸ் என்றாலே சந்தேகப்பட்ட ஒரு காலம் உண்டு. 1986 நவம்பரில், காவல்துறை பறிமுதல் செய்த தொலைத்தொடர்புக் கருவிகளைத் திருப்பிக் கேட்டுச் சென்னையில் பிரபாகரன் உண்ணாவிரதம் இருந்தார். 1991க்குப் பிறகு சந்தேகம் இன்னும் கூடியது. (அந்த ஆண்டு கொல்லப்பட்ட ராஜீவ் காந்தியே வி.யு.2 ஆர்.ஜி. என்ற அழைப்புக் குறியுள்ள ஹாம் என்பது விதியின் விளையாட்டு.) ஆனால் ஹாம் ரேடியோவைப்போல வெட்டவெளிச்சமான விஷயம் வேறில்லை. ஒவ்வொரு முறையும் அழைப்புக் குறியைச் சொல்லியாக வேண்டும், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பயப்பட வேண்டியது லைசென்ஸ் இல்லாமல் ஆன்லைனில் மலிவு செட் வாங்கி இஷ்டத்துக்குப் பேசுகிறவர்களைப் பார்த்துத்தான். லைசென்ஸ் கட்டாயம் என்றுகூடச் சொல்லாமல் விற்ற தளங்களை மத்திய அரசு 2025இல்தான் கண்டித்தது.

இன்னொரு காரணம் சோம்பல். 12 வயது நிரம்பியவர் யாரும் பரீட்சை எழுதலாம். ரெஸ்டிரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கூடத் தேவையில்லை. டெல்டாவில் இத்தனை பொறியியல் கல்லூரிகள், அத்தனையிலும் ஆன்டெனாவும் மாடுலேஷனும் பாடமாக நடக்கிறது. 49 சென்டிமீட்டர் நீளத்தில் ஐந்து கம்பிகள், ஒரு சாக்கெட், கொஞ்சம் ஈயம் இருந்தால் 2 மீட்டர் ஆன்டெனா தயார். பரீட்சைக்குப் படம் வரைபவர்கள் ஒரு தடவை செய்து பார்த்தால்தான் என்ன?

அரசு செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்தத் தேர்வை வருடத்துக்கு ஒரு முறையாவது தஞ்சாவூரிலோ நாகப்பட்டினத்திலோ ஏதாவது ஒரு கல்லூரியில் நடத்தட்டும். இருபது இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒருவர் வீதம், தஞ்சாவூரிலிருந்து அம்மாபேட்டை, நீடாமங்கலம், திருவாரூர், நாகப்பட்டினம், அதற்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஓர் ஊர், வேதாரண்யம் என்று லைசென்ஸ் உள்ளவர்கள் இருந்தால் போதும். தினமும் ராத்திரி ஒருவரையொருவர் கூப்பிட்டு மழையையும் சாப்பாட்டையும் பற்றி அவர்கள் விசாரித்துக்கொள்ளட்டும்.

அடுத்த புயல் வரும் ராத்திரியில் அவர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது.