விடுகதையும் வகுப்பறையும்

தமிழ் மக்களின் நாவிலே பயின்றுவரும் இலக்கிய வகைகளுள் விடுகதை மிகப் பழையது. யாப்பு வழங்கும் ஏழு நிலங்களுள் ஒன்றாகப் 'பிசி' என்ற பெயரால் அதனை வைத்தெண்ணியது தொல்காப்பியச் செய்யுளியல். உவமையோடு பொருந்தி வருவது ஒன்று, தோன்றுவதைக் கிளந்து அதன்வழித் துணியச் செய்வது மற்றொன்று என அதன் வகை இரண்டெனவும் வகுத்துரைத்தது. பாட்டுக்கும் நூலுக்கும் பக்கத்திலே பிசிக்கு இருக்கை அளித்த இலக்கண மரபு தமிழ் மரபு. ஆயின் இற்றைத் தமிழ் வகுப்பறை அதற்கு அளித்திருக்கும் இடம் யாது? பாடம் முடிந்து மணியடிக்க ஐந்து நிமிடம் எஞ்சியிருந்தால் பிள்ளைகளை அமைதியாக இருத்திவைப்பதற்கான ஓர் உபாயம் என்பதற்கு மேலாக அதனை மதிப்பார் அரியர். இம்மனப்பான்மை தவறானது என்பதோடு, கேகாலை மாவட்டம் போன்ற இடங்களிலே தீங்கானதும் ஆகும்.

கேகாலையைக் குறித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய ஆகிய பகுதிகளில் இறப்பரும் தேயிலையுமாகப் பரந்து கிடக்கும் தோட்டங்களிலே தமிழ்ப் பிள்ளைகள் சிறுபான்மையினராக வாழ்கின்றனர். நுவரெலியாவில் போன்று ஊர்முழுதும் தமிழ் ஒலிக்கும் சூழல் அவர்களுக்கு இல்லை. தோட்டத்து எல்லையைத் தாண்டினால் கடையிலும் பேருந்திலும் அலுவலகத்திலும் சிங்களமே கேட்கும். அருகில் தமிழ்ப் பாடசாலை இல்லாமையாற் சிங்கள மொழிமூலம் கற்கும் பிள்ளைகளும் உளர். இத்தகைய பிள்ளைக்குத் தமிழ் உயிர்ப்போடு கிடைக்கும் இடங்கள் இரண்டே. ஒன்று லயம், மற்றொன்று வகுப்பறை. முன்னையதிலே பாட்டியின் வாயிலிருந்து வந்த விடுகதை தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் இடங்கொடுத்து ஒதுங்கிவிட்டது. பின்னையதும் அதனைப் புறந்தள்ளுமாயின் அப்பிள்ளைக்கு எஞ்சுவது பரீட்சைத் தமிழ் ஒன்றே.

விடுகதைக்கு எதிராகக் கூறப்படும் முதல் வாதம் பரீட்சையைப் பற்றியதே. நான்காம், ஐந்தாம் தரங்கள் புலமைப்பரிசில் பரீட்சைக்கு உரிய காலம். அக்காலத்திலே விளையாட்டுக்கு நேரமில்லை என்பர். தோட்டப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் என்பது நல்ல பாடசாலை ஒன்றின் கதவு என்பதை எவரும் மறுக்க இயலாது. அக்கதவை அற்பமாகப் பேசுதல் வசதியுடையோர் செய்யும் பிழை. ஆயின் அப்பரீட்சையின் ஒரு வினாத்தாள் அளக்க விரும்புவது மனப்பாடத்தை அன்று, நுண்ணறிவையே. மறைந்து நிற்கும் ஒழுங்கைக் காணல், ஒப்புமையை உணர்தல், பொருந்தாததை விலக்குதல் முதலியன அங்கே வேண்டப்படும் ஆற்றல்கள். இவற்றை வளர்ப்பதற்கெனக் கடந்தகால வினாத்தாள்களை மீண்டும் மீண்டும் எழுதுவித்து, விடையின் இலக்கத்தை மனத்திலிருத்தும் வழக்கம் பெருகியுள்ளது. நுண்ணறிவையே மனப்பாடமாக்கும் இந்த விந்தைக்கு நேரமுண்டு. நுண்ணறிவைத் தூண்டும் விடுகதைக்கு நேரமில்லை! விடுகதை கேட்ட பிள்ளை பரீட்சையிலே தேறும் என்று உறுதி கூறுதல் பொருந்தாது. இரண்டும் ஒரே ஆற்றலை நாடுகின்றன என்பதும், அவற்றுள் ஒன்றைப் பிள்ளை விரும்பிச் செய்யும் என்பதுமே ஈண்டு வற்புறுத்தப்படுவன.

விடுகதை சிறு குழந்தைகளுக்கே உரியது, பத்து வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது என்பது இரண்டாவது வாதம். இதனினும் உண்மைக்கு மாறான கூற்று பிறிதில்லை. ஒரு தொடருக்கு இரு பொருள் உண்டு எனக் கண்டு, வெளிப்பட நிற்கும் பொருளை விட்டு மறைந்த பொருளைப் பற்றும் திறன் பள்ளிப் பருவத்திலே படிப்படியாக வளர்வது. சொல்லொன்றின் இருபொருளை முந்தியும், தொடரமைப்பால் விளையும் மயக்கத்தைப் பிந்தியும் பிள்ளைகள் அறிகின்றனர் என்பதை 1970களிலேயே மேலைநாட்டு உளவியலாளர் ஆராய்ந்து காட்டினர். ஒன்பது முதல் பதினொரு வயது வரையான பருவமே சொல் விளையாட்டு முழுச் சுவையோடு கைகூடும் பருவம். அப்பருவத்திலே அதனை நிறுத்துதல், பயிர் கதிர்விடும் வேளையில் நீரை மறிப்பதற்கு ஒப்பாகும்.

ஓர் எடுத்துக்காட்டை நோக்கலாம். நாலெழுத்துச் சொல், நீரிலே போகும், முதலெழுத்தும் கடையெழுத்தும் சேர்ந்தால் மலையிலே கிடக்கும், கடைசி இரண்டெழுத்தும் சேர்ந்தால் வாயிலே இருக்கும். விடை 'கப்பல்'. இதனை விடுவிக்க முயலும் பிள்ளை எழுத்தை எண்ணுகின்றது; மெய்யெழுத்தும் ஓர் எழுத்தே என்பதை எவரும் விதியாகக் கூறாமலே உணர்கின்றது; 'கல்', 'பல்' என்பவற்றைத் தானே பிரித்தெடுக்கின்றது. இலக்கண ஆசிரியர் கரும்பலகையில் அரை மணிநேரம் உழைத்தும் கைகூடாத பயன் ஒரு நிமிடத்திலே கைகூடுகின்றது.

பிறிதொன்று. சுமை ஏற்றுவது ஒன்று. ஆடு தின்பது ஒன்று. காலைப் பிணிப்பது ஒன்று. மூன்றுக்கும் எழுத்திலே வேறுபாடு கடைசியில் மட்டுமே. விடை தலை, தழை, தளை. லகர, ழகர, ளகர வேறுபாடு பேச்சில் மங்கியுள்ள இடங்களிலே, சொல்வதெழுதுதலிற் சிவப்பு மையால் அடிக்கப்படும் பிழையாகவே பிள்ளை அதனை அறிகின்றது. விடுகதையிலோ அவ்வேறுபாடே திறவுகோல் ஆகின்றது. தண்டனையாகக் கற்ற எழுத்து மறக்கும். திறவுகோலாகக் கற்ற எழுத்து மறவாது.

'விடுகதைகளும் புதிர்களும் பயிற்சி நூல்களில் நிறைய இருக்கின்றனவே' என்பது மூன்றாவது வாதம். இருக்கின்றன; ஆயின் எவ்வாறு இருக்கின்றன என்பதே வினா. அவற்றிலே பல, விடையோடு சேர்த்து நிரலாக அச்சிடப்பட்டு, விடையையும் சேர்த்து ஒப்புவிக்குமாறு பிள்ளைக்கு வழங்கப்படுவன. விடையை முன்னரே கூறிய விடுகதை விடுகதை அன்று. அது ஒரு செய்தி. ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதப்படுவன வேறு சில. 'கை உண்டு, தட்டாது' என்பது மணிக்கூட்டைக் குறிக்கும் ஆங்கிலப் புதிரின் பெயர்ப்பு. தமிழிலே மணிக்கூட்டுக்குக் கை இல்லை, முள்ளே உண்டு. 'முள் உண்டு, குத்தாது. ஓயாது நடக்கும், ஊர் சேராது' என்றால் தமிழ்ப் பிள்ளை சிந்திக்கும். கையைத் தேடச் சொன்னால் திகைக்கும். திகைத்தபின் தனக்கு அறிவில்லை என்று எண்ணும். பெயர்த்தவரின் சோம்பல் பிள்ளையின் தாழ்வு மனப்பான்மையாக முடிதல் சிறிய குற்றமன்று.

இதனால் பிறமொழி விடுகதைகள் யாவும் விலக்கத்தக்கன என்பது கருத்தன்று. பொருளைப் பற்றி நிற்கும் விடுகதை மொழியெல்லையைத் தாண்டும். சொல்லைப் பற்றி நிற்பது தாண்டாது. இவ்வேறுபாட்டை உணர்வதற்குக் கேகாலைப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்புப் பிறர்க்கு அரிது. சிங்களத்திலே 'தேரவிலி' எனப்படும் விடுகதை மரபு வளமாக வழங்குகின்றது. தமிழும் சிங்களமும் காதில் விழும் பிள்ளை இரண்டையும் ஒப்பிட்டு, எது பெயரும், எது பெயராது எனச் சோதித்துப் பார்க்கலாம். இருமொழிச் சூழலைக் குறையாகவே கணிக்கும் ஆசிரியர் அதனைச் செல்வமாகக் காண்பதற்கு இதனினும் எளிய வழி இல்லை.

பழைய விடுகதைகளிலே வரும் ஏரும் உரலும் இற்றைப் பிள்ளை காணாதவை என்பது நான்காவது வாதம். உண்மையே. சாதியையும் உடற்குறையையும் எள்ளும் விடுகதைகளும் மரபிலே உள. அவை நீக்கப்பட வேண்டியனவே. ஆயின் விடுகதை என்பது கையளிக்கப்பட்ட பண்டங்களின் தொகுதி மட்டுமன்று. பண்டம் செய்யும் தொழிலும் ஆகும். எட்டியாந்தோட்டைப் பிள்ளை இறப்பர் மரத்தை நாள்தோறும் காண்கின்றது. 'மாடு இல்லை, பால் உண்டு. மடி இல்லை, கத்தி கறக்கும். சிரட்டை நிறைய வடியும், குடிப்பார் ஒருவரும் இல்லை' என அப்பிள்ளையே ஒன்றை அமைத்தால், அது தொல்காப்பியம் கூறிய உவமப் பிசியின் இலக்கணத்துக்குள் அடங்கும். தாயும் தந்தையும் செய்யும் தொழில் நாணத்தக்கது அன்று, சிந்திக்கத்தக்கது என்பதையும் அப்பிள்ளை உடன் அறிந்துகொள்ளும்.

இவற்றின் அடியிலே கிடக்கும் வினா ஆழமானது. தோட்டப் பள்ளியின் வரலாறு அதனை விளக்கும். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. நிர்வாகத்துக்கு வேண்டியிருந்தது உழைக்கும் கை. வினவும் வாய் அன்று. ஓராசிரியர் பள்ளியிலே பிள்ளை கேட்டது, ஒப்பித்தது, பெயர் பதிந்து மலைக்குச் சென்றது. 1970களிலே தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பள்ளிகள் படிப்படியாக அரசாங்கக் கல்வி முறையோடு இணைந்தன. நிர்வாகம் மாறியது, ஒப்பித்தல் மாறவில்லை. வகுப்பறையிலே வினா எழுப்பும் உரிமை இன்றும் ஆசிரியருக்கும் வினாத்தாளுக்குமே உண்டு. விடுகதை ஒன்றே இம்முறையைத் தலைகீழாக்குவது. அங்கே பிள்ளை வினவும், பெரியோர் திகைப்பர், 'தெரியாது' என ஆசிரியரே ஒப்புக்கொள்ள நேரும். விடை அறிந்தவள் தானே என்ற பெருமிதத்தோடு ஒரு பத்து வயதுச் சிறுமி வகுப்பின் முன் நிற்கும் அந்தக் கணத்தின் பெறுமதியை எந்தப் புள்ளித் திட்டமும் அளக்காது.

பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்க்கும் இதிலே பங்குண்டு. பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாடலில் அடக்கிய காளமேகத்தின் சிலேடையை அவர்கள் இலக்கியம் எனப் போற்றுகின்றனர். எட்டும் காலும் எண்ணெழுத்தில் 'அ', 'வ' ஆதலை வைத்து ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடலை வியக்கின்றனர். அதே ஆற்றல் லயத்து வாசலிலே தோன்றினால் அதனைப் பிள்ளை விளையாட்டு என்கின்றனர். தமிழ்ப் பழமொழிகளைப் பீற்றர் பேர்சிவல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் தொகுத்து அச்சேற்றினார். மலையக மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தளித்தார். சப்ரகமுவத் தோட்டங்களின் விடுகதைகளுக்கும் அத்தகைய உழைப்பு வேண்டும். மலையக மக்களின் வரலாற்றுக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததை 2023இல் மேடைகளிலே கொண்டாடியவர்கள், அவ்வரலாற்றைச் சுமந்து வந்த முதியோரின் வாய்மொழியை ஏட்டிலே பதித்தல் முறையாகும். பேராதனையிலிருந்து கேகாலை தொலைவில் இல்லை. பெலிகுல்ஓயாவில் அமைந்த சப்ரகமுவப் பல்கலைக்கழகமோ அதே மாகாணத்திலேயே உள்ளது.

செய்யத்தக்கன அரியன அல்ல. நான்காம், ஐந்தாம் தரங்களிலே கிழமைக்கு ஒரு பாடவேளை போதும். பிள்ளைகள் வீட்டிலே கேட்டறிந்த விடுகதை ஒன்றையும் தாமே அமைத்த ஒன்றையும் கொணர்தல் வேண்டும். விடையை எழுதுதல் கூடாது. தவறான விடைக்குக் காரணம் பொருந்துமாயின் அதுவும் ஏற்கப்பெறல் வேண்டும். தமிழ்மொழித் தினத்திலே பேச்சும் பாவோதலும் பெறும் மேடையிலே விடுகதை அமைத்தலும் இடம்பெறலாம். இவற்றுக்குப் புதிய கட்டடமோ சுற்றறிக்கையோ வேண்டுவதில்லை. பிள்ளையின் வினாவுக்குச் செவிசாய்க்கும் மனம் ஒன்றே வேண்டும்.

தலை, தழை, தளை என்னும் மூன்று சொற்களையும் கேகாலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருநாள் தானே பிரித்தறியும். அவற்றுள் எது தன் தலைமுறையினரின் காலிலே கிடந்தது என்பதையும் அன்று வினவும். அவ்வினாவுக்கு அஞ்சாத வகுப்பறையே தமிழ் கற்பிக்கும் தகுதியுடையது.