கூரை இல்லாத ஜீப்புக்குப் பஞ்சு மெத்தை எதற்கு?

பழைய ஜீப்பை வாங்கி, தார்ப்பாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, அகல டயர் மாட்டி ஒகேனக்கல் போகும் பையன்களை நம் இண்டூர் சாலையில் சனி ஞாயிறுகளில் பார்க்கிறோம். அவன் காசு, அவன் வண்டி. எனக்கு ஆட்சேபணை இல்லை. பேரன் முறையுள்ள ஒருவனும் அப்படி ஒன்றை வாங்கியிருக்கிறான். "தாத்தா, உள்ளே உக்கார முடியல. சூடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். முழுக்க ஷீட் ஒட்டப் போறேன்" என்று பட்டறையில் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டை நீட்டினான்.

காலமெல்லாம் கோப்பு பார்த்தவன் கையில் மதிப்பீட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? சிவப்பு மை தேடினேன். தரை, கதவு, பின்தகடு, சக்கர வளைவு அத்தனைக்கும் தார் ஷீட், அதன்மேல் பஞ்சு, அதன்மேல் கார்ப்பெட்.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் மேல்மூடி கழற்றும் காருக்கு 'தெகாபொத்தாபிள்' என்பார்கள். 'கபொத்' என்றால் சிப்பாய் போடும் கனத்த மேல்கோட்டும்தான். மேல்கோட்டை வீசி எறிந்துவிட்டுக் கம்பளிக் காலுறை கேட்கிறவனை என்ன சொல்ல?

சத்தத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். தார் ஷீட் தகட்டின் அதிர்வை அடக்கும், உண்மை. நாலு பக்கமும் மூடிய காரில் அதற்குப் பலன் உண்டு. திறந்த ஜீப்பில் காற்று இரைச்சலும், டயர் சத்தமும், பக்கத்து லாரியும் தலைக்கு மேலாக இறங்குகின்றன. கதவில் பஞ்சு வைத்தால் வானத்தை எதைக்கொண்டு அடைப்பது? ஒலியின் ஆற்றலில் சரிபாதியை நீக்கினாலும் 3 டெசிபல்தான் குறையும். அந்த வித்தியாசம் காதுக்கு அநேகமாகப் பிடிபடாது. பணம் போனது மட்டும் பிடிபடும்.

சூடு வேறு விஷயம். வெயிலைச் சொல்லவில்லை, கூரை வேண்டாம் என்றவன் வெயிலைப் பற்றிப் பேசக் கூடாது. எஞ்சினுக்கும் காலுக்கும் நடுவே ஒற்றைத் தகடு, தரைக்குக் கீழே கொதிக்கும் புகைக்குழாய் என்பதுதான் ஜீப்பின் அமைப்பு. மஹிந்திரா 540-இல் இருந்தது பிரான்சின் பெஷோ வடிவமைப்பு டீசல் எஞ்சின். பிரெஞ்சுக்காரன் எஞ்சின் என்பதால் சூடு குறைவாக இருந்ததா என்று கேட்காதீர்கள். எங்கள் துறை ஜீப் ஓட்டுநர் சித்திரை மாதத்தில் கோணிச் சாக்கை நனைத்துக் காலடியில் போட்டுக்கொள்வார். அவருக்கு எந்த மதிப்பீடும் யாரும் போடவில்லை. ஓய்வுபெறும்போது அவரிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரைச்சலில் செத்த காதின் நரம்பணுக்கள் திரும்ப முளைப்பதில்லை.

ஆகவே மதிப்பீட்டில் மூன்றை மட்டும் விட்டேன். புகைக்குழாய்க்கும் தரைக்கும் நடுவே, இரண்டையும் தொடாமல், காற்று ஓட விரலளவு இடைவெளி விட்டு ஒரு தகரத் தடுப்பு. எஞ்சின் பக்கத் தகட்டில் அலுமினியப் பூச்சுள்ள, தீப்பிடிக்காத விரிப்பு. பெடலும் ஒயரும் நுழையும் ஓட்டைகளுக்கு ரப்பர் அடைப்பு. சூடான காற்று பாதி அந்த வழியாகத்தான் வருகிறது என்பதைப் பட்டறைக்காரர்கள் சொல்வதில்லை, அதில் லாபம் இல்லை. காலடிக்குக் கழற்றி உலர்த்தக்கூடிய ரப்பர் விரிப்பு போதும்.

பஞ்சும் கார்ப்பெட்டும் கூடவே கூடாது. ஒரு மழை போதும், நீரைக் குடித்து வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளும். அடியில் தரை துருப்பிடித்து உதிர்வது மேலே தெரியாது. டீசல் கசிந்து அதில் ஊறினால், கீழே சுடுகுழாய் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். கம்பீரமாகக் கேட்கட்டும் என்று இவன் சைலன்சரை அறுத்து நேர்க்குழாய் வைத்திருக்கிறான்! சத்தத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அதைத் தடுக்க இன்னொரு முறை காசு கொடுப்பதா? வண்டியின் அசல் அமைப்பை மாற்றக் கூடாதென்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தத்தின்படி ஒலி விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. அதைவிட, வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு எந்தப் பட்டறை ஷீட் ஒட்டித் தரும்?

ரப்பர் அடைப்பும் தகரத் தடுப்பும் போட்டாயிற்று, கால் சுடவில்லை என்கிறான். சைலன்சர் மட்டும் அடுத்த மாதமாம்.