ஒரு பட்டனும் 1190 கிலோ தகடும்

மக்களே, இன்னைக்கு சினிமா, அரசியல் ரெண்டும் கிடையாது. தகடு பத்தின பதிவு. மந்திரிச்ச தகடு இல்லீங்க, இரும்புத் தகடு :-)

தீப்பெட்டிக் கம்பெனியோட பேரைச் சுமக்குற எங்க விம்கோ நகருக்கு 2021 பிப்ரவரியில மெட்ரோ வந்துருச்சு. ஆனா சுத்துவட்டாரத்துப் பட்டறைங்கள்ல இன்னும் அதே சுத்தியல் சத்தம்தான். அதுல ஒண்ணுல கேட் (கதவு இல்ல, கம்ப்யூட்டர்ல படம் போடறது) வேலை எனக்கு. அந்தத் தகுதியில ஒரு சண்டை போடப் போறேன்.

சண்டை யாரோடன்னா, "எல்லாத்தையும் சாஃப்ட்வேரே பிரிச்சுக் குடுத்துடுது, மார்க்கிங் ஆளு எதுக்கு?"ன்னு கேக்குற ஏசி ரூம் ஆளுங்களோட.

பொட்டி தட்டுற நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பவுடர் டப்பா மேல இருக்குற லேபிளைப் பிரிச்சா ஒரு செவ்வகம் வருதில்ல? அதேதான். உருளையா உருட்ட வேண்டிய தகட்டை, உருட்டறதுக்கு முன்னாடி எந்த அளவுல வெட்டணும்ங்கற படத்துக்குப் பட்டறையில டெவலப்மென்ட்னு பேரு. சாஃப்ட்வேர்ல ஃப்ளாட் பேட்டர்ன். ஒரு பட்டனை அமுக்குனா வந்துரும். அங்கதான் வம்பே.

போன வருஷம் ஒரு தொட்டி. உள்விட்டம் 3000 மி.மீ., உயரம் 6000, தடிமன் 16. வெளி டிசைன் ஆபீஸ் ஒண்ணு மொத்தத் தொட்டியையும் ஒரே துண்டா மாடல் பண்ணி, ஒரு கீறல் போட்டு, பட்டனை அமுக்கி அனுப்பிருச்சு. வந்தது 9475-க்கு 6000 அளவுல ஒரே தகடு. கணக்கு தப்பில்ல. தடிமனோட நடு விட்டம் 3016, அதை பையால பெருக்கினா 9475 சரியா வருது. ஆனா அவ்வளவு பெரிய தகட்டை யாருங்க விக்கிறா? எங்களுக்குக் கெடச்சது 6300-க்கு 2000. அப்போ சுத்துக்கு ரெண்டு தகடு, உயரத்துக்கு மூணு வளையம், மொத்தம் ஆறு தகடு. நெட்டுவாக்குல ஆறு வெல்டு, சுத்துல ரெண்டு வெல்டு. இது எதுவுமே படத்துல இல்ல. கேட்டா, "உங்க தகட்டுக்கு ஏத்த மாதிரி வெட்டிக்கோங்க"ன்னு பதில்.

மார்க்கிங் அண்ணன் வெட்டிக்கிட்டார். நெட்டு வெல்டெல்லாம் ஒரே கோட்டுல வரக்கூடாது. கொதிகலன், அழுத்தக் கலன்களுக்கான அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. விதிப்படி, வளையத்துக்கு வளையம் தகட்டுத் தடிமனைப் போல அஞ்சு மடங்காவது தள்ளி இருக்கணும் (சந்திப்புல எக்ஸ்ரே எடுத்தா விலக்கு உண்டு). நம்ம 16-க்கு அது 80 மி.மீ. அண்ணன் இன்னும் தாராளமா, ரெண்டாவது வளையத்து வெல்டை 45 டிகிரியில வெச்சார்.

ஒரு வாரம் கழிச்சு நாசில் படம் வருது. நாசில்னா குழாய் இணைக்குற வாய். ஒண்ணு ரெண்டாவது வளையத்துல, சரியா 45 டிகிரியில! வெல்டு மேலயே உக்காருது. வாடிக்கையாளரோட இன்ஸ்பெக்டர் ஒத்துக்கல. 1190 கிலோ தகடு ஒண்ணை அறுத்து எடுத்துட்டு வேற போட்டோம்.

ஃப்ளாட் பேட்டர்ன்ல அந்த ஓட்டை ஏன் தெரியல? ஓட்டையை அசெம்பிளியில போட்டிருக்காங்க. அசெம்பிளியில வெட்டினது அங்கேயே நின்னுடும், நாமளா சொல்லாம தனிப் பார்ட்டுக்குள்ள எறங்காது. பிரிச்சுப் பாத்தா தகடு மொழுக்குன்னு இருக்கும்.

சரி, தண்டனை யாருக்கு? டிசைன் ஆபீஸுக்குப் பில் முழுசா போச்சு. அண்ணனோட ரெண்டு ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் போச்சு. "இன்னா தம்பி, படத்துல இல்லாத ஓட்டைய நான் கனவுலயா பாக்கறது?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்ல. மொதலாளிகிட்டயும் இல்ல, ஆனா பிடிச்சது பிடிச்சதுதான்.

இது ஒரு தொட்டிக் கதை இல்ல. இன்வென்டர்ல கை வைக்காம விட்டா கே-ஃபேக்டர் 0.44. அதாவது தடிமன்ல எந்த மட்டத்துல நீளம் மாறாம நிக்குதுங்கற எண். பிரஸ்ல மடிக்கிற தகட்டுக்கு ஓகே. இவ்வளவு பெரிய விட்டத்துக்கு உருட்டறப்ப நடு மட்டம், 0.5. மாத்த மறந்தா இதே தொட்டியில சுத்தளவு 6 மி.மீ. கொறையும். ஃபிட்டர் அந்த இடைவெளியை வெல்டால ரொப்புவான், திட்டும் அவனுக்குத்தான். அப்புறம் மூணு ரோல் மெஷின்ல தகட்டோட ரெண்டு ஓரமும் வளையாம தட்டையா நிக்கும். முன்னாடியே ஓரத்தை வளைக்கணும், இல்லேன்னா கூடுதல் நீளம் விட்டு அப்புறமா வெட்டணும். பட்டனுக்கு இது தெரியாது. படம் தகட்டோட உள்பக்கமா வெளிப்பக்கமான்னு எழுதலைன்னா, கண்ணாடியில பாத்த மாதிரி ஓட்டை இடம் வலமா மாறிடும்.

நான் ஒண்ணும் பழைய காலமே தேவலைன்னு பாட்டு பாடலை. சதுர வாயிலேர்ந்து வட்ட வாய்க்குப் போற குழாயை முக்கோணம் முக்கோணமா பிரிச்சு, காம்பஸ் வெச்சு டெவலப்மென்ட் போட்டிருந்தா தெரியும் அந்த வலி. கம்ப்யூட்டர் அதை நொடியில பண்ணுது, கும்பிடலாம். என் சண்டை கம்ப்யூட்டரோட இல்ல. எங்க வெட்டணும், எங்க ஒட்டணும்ங்கறது முடிவு. முடிவை எடுக்காமலே பட்டனை அமுக்கிட்டு, அதுக்கு டிசைன்னு பேர் வெக்கிறவங்களோடதான்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையும் இல்ல. கெடைக்கிற தகட்டு அளவை மொதல்ல கேளுங்க. வெல்டு கோட்டையும் நாசிலையும் ஒரே படத்துல மொதல்லயே போடுங்க. ஒவ்வொரு தகடும் தனிப் பார்ட்டா இருக்கட்டும், ஓட்டை அந்தப் பார்ட்டுலயே இருக்கட்டும். வெல்டு இடைவெளியைக் கழிங்க. 0, 90, 180, 270 டிகிரிக் கோட்டையும், உள்பக்கமா வெளிப்பக்கமாங்கறதையும் தகட்டுலயே குறிங்க. கடைசியா நீளத்தைக் கால்குலேட்டர்ல ஒரு தடவை சரி பாருங்க. அப்புறம் படத்தை மார்க்கிங் அண்ணன்கிட்ட காட்டி, கையெழுத்து வாங்குங்க. அப்படியும் தப்பு வந்தா, படம் போட்டவனோட சம்பளத்துல பிடிங்க. என்னோடதுலயும்தான்.

அண்ணனோட அந்த ரெண்டு ஞாயித்துக்கிழமை இன்னும் திரும்பி வரலை. மாசா மாசம் ஒண்ணாந்தேதி கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

டிஸ்கி: "எங்க சாஃப்ட்வேர்ல இதெல்லாம் ஆட்டோமேட்டிக்கா வரும்"னு சொல்ல வர்றவங்க, வரும்போது ஒரு 6300-க்கு 2000 தகட்டோட வாங்க. இறக்க கிரேன் ரெடி.