தரையைக் காட்டினார்கள், தரையில் உட்காரவைக்கப்பட்டவர்களைக் காட்டவில்லை

அல்லிநகரத்திலிருந்து தோழர்கள் சிலர் குமுளி வழியாகக் கொச்சிக்குப் போய்வந்தோம். மட்டாஞ்சேரி யூதத் தெரு முழுக்க ஏலக்காய், மிளகு வாசனை. நம் ஊர்ப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி இடுக்கி மலைக்குப் போவதும் இதே ஏலக்காயைப் பறிக்கத்தான். 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெபக்கூடத்தில், தரையில் பதித்த சீனத்து ஓடுகளைக் காட்டியபடி வழிகாட்டி சொன்னார்: "யூதர்களுக்கு எந்தக் கொடுமையும் நடக்காத நாடு நம் நாடுதான்."

கொச்சி அரசர்கள் யூதர்களைத் துரத்தவில்லை, அரண்மனை அருகிலேயே இடம் கொடுத்தார்கள். உண்மைதான். ஆனால் அந்த வழிகாட்டி தரையைக் காட்டினாரே, தரையில் யாரை உட்காரவைத்தார்கள் என்று ஏன் சொல்லவில்லை?

நம்மூரில் 'பரதேசி' என்றால் திட்டு. கொச்சி யூதர்களிடம் அது உயர்ந்தவர்களின் பெயர். ஐரோப்பாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பிற்காலத்தில் வந்தவர்கள், 'வெள்ளை யூதர்' ஆனார்கள். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கு வாழ்ந்த மலபார் யூதர்களைக் 'கறுப்பு யூதர்' என்று ஒதுக்கினார்கள். அதற்கும் கீழே, அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும். எபிரேயத்தில் அவர்கள் பெயர் 'மெசுக்ராரிம்'. 'விடுவிக்கப்பட்டவர்கள்' என்று பொருள். விடுதலை பெயரில் மட்டும்தான் இருந்தது. ஜெபக்கூடத்தில் அவர்களுக்குப் பெஞ்சு கிடையாது. வாசலை ஒட்டிய முன்கூடத்துத் தரைதான் இடம். வெள்ளை யூதர்களோடு பெண் கொடுக்கவோ எடுக்கவோ முடியாது. கடவுள் ஒன்று, மறைநூல் ஒன்று, உட்காரும் இடம் மட்டும் வேறு.

அந்தத் தரையிலிருந்து எழுந்தவர் ஆபிரகாம் பாரக் சேலம் (1882-1967). சென்னையில் படித்துக் கொச்சி யூதர்களில் முதல் பட்டதாரியானார், வழக்கறிஞரானார், கொச்சி சட்டசபைக்குப் போனார். ஜெபக்கூடத்தில் மட்டும் அவருக்கும் பெஞ்சு இல்லை. சத்தியாகிரகத்தைக் கையிலெடுத்து, தன் சொந்த ஜெபக்கூடத்தின் தீண்டாமையோடு நெடுங்காலம் மோதித்தான் உரிமையை வென்றார். 'யூத காந்தி' என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். யாரை எதிர்த்துப் போராடினார் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறார்கள்.

சாதி இந்து மதத்தின் உள்விவகாரம் என்பவர்களுக்கும், மதம் மாறினால் சாதி ஒழிந்துவிடும் என்பவர்களுக்கும் இதுவே பதில். மதம் மாறலாம், மாறிய இடத்திலும் போராடியாக வேண்டும். கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவரைப் பார்த்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இஸ்ரேலுக்குப் போனவர்கள் கதை என்ன? மகாராஷ்டிரத்திலிருந்து போன பெனே இஸ்ரேல் மக்களின் திருமணத்துக்கு, 1962-இல் ரபிகளின் தலைமையகம் வம்சாவளி விசாரணை வைத்தது. நீ உண்மையான யூதன்தானா என்ற கேள்வி. அவர்கள் ஜெருசலேமில் திரண்டு போராடிய பிறகே, 1964-இல் அரசு இறங்கிவந்தது. 1971-இல் அரபு நாடுகளிலிருந்து வந்த யூத இளைஞர்கள், அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து பெயரெடுத்துக் 'கருஞ்சிறுத்தைகள்' ஆனார்கள். மறு ஆண்டே பம்பாயில் தலித் சிறுத்தைகள். 1996-இல், எத்தியோப்பிய யூதர்கள் தானம் செய்த ரத்தம் ரகசியமாகக் கொட்டப்பட்டது தெரிந்து அவர்கள் வீதிக்கு வந்தார்கள்.

ஆகவே, "யூதர்கள் இப்படித்தான்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். நாஜிகளின் யூத வெறுப்பையும் இங்குள்ள சனாதனத்தையும் அம்பேத்கர் ஒரே தட்டில் வைத்தார். அந்த வெறுப்பு நமக்கு எதற்கு? பாலஸ்தீனர்கள் மீது இஸ்ரேல் அரசு நடத்தும் கொடுமையை எதிர்ப்போம், உரக்க எதிர்ப்போம். அதற்காக அந்தத் தரையில் உட்காரவைக்கப்பட்ட யூதரை மறக்க வேண்டியதில்லை. ஒரு மக்களின் வரலாற்றை அதன் கடைசி வரிசையிலிருந்து படிப்போம்.

அப்படிப் படித்தால் நமக்கும் ஒரு கேள்வி வரும். வெள்ளை யூதரால் ஒதுக்கப்பட்ட மலபார் யூதரும் தங்களிடமிருந்து விடுவிக்கப்பட்டவர்களைத் தாழ்த்தியே வைத்தார்கள். அடிபட்டவனுக்கும் அடிக்க ஒருவனைக் கொடுப்பதுதான் சாதியின் தந்திரம். 2009-இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது நம்மில் எத்தனை பேர் முகம் சுளித்தோம்? 2024 ஆகஸ்ட் 1-இல் உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது நம்மிடையே எத்தனை குரல்கள் எதிராக எழுந்தன? "ஒற்றுமை குலைகிறது" என்றோம். பெஞ்சில் இருப்பவன் பேசும் ஒற்றுமை, தரையில் இருப்பவனுக்கு என்னவாகக் கேட்கும்?

கொச்சியைப் பார்த்துக் கோபப்படுவது எளிது. தூய்மைப் பணி செய்யும் குடும்பத்துப் பிள்ளை நம் கூட்டத்துக்கு வந்தால் எங்கே உட்காருகிறது, எப்போது பேச விடுகிறோம்? அடுத்த கூட்டத்தில் முதலில் அதைப் பார்ப்போம், தோழர்களே. மேடைப் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.