ஏலகிரிக்கு சைக்கிளில் போகலாமா? ஏறுவதில் இல்லை, இறங்குவதில்தான் கண்டம்!

சென்னை பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடை. அங்கே குமாஸ்தாவாக இருப்பவருக்கு வயது 43. மனைவி, இரண்டு பிள்ளைகள். "உடம்பைக் குறைங்க" என்று டாக்டர் சொன்னதால் இரண்டு வருடமாக சைக்கிள் மிதிக்கிறார். ஞாயிறு காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவார்.

கூட வரும் இளவட்டங்கள் போன வாரம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். "அண்ணே! அடுத்த மாசம் ஏலகிரி போறோம். முப்பது பேர் சேர்ந்தாச்சு. நீங்களும் பேர் கொடுங்க!"

அவர் சரி என்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வீட்டில் சொன்னார். மனைவி பிடித்துக்கொண்டார். "மலையில விழுந்து கைகால் போனா, கடையில சம்பளம் கொடுப்பாங்களாங்க?"

போவதா, வேண்டாமா? குமாஸ்தா தூக்கத்தைத் தொலைத்தார். இப்படிக் குழம்புகிறவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல.

ஏழெட்டு பரங்கிமலை!

ஏலகிரி, திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரம். அடிவாரத்தில் இருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய 700 மீட்டர் ஏற வேண்டும். நம் பரங்கிமலை சுமார் 300 அடி. அதை ஏழெட்டு முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எப்படியோ, அப்படி!

வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். பாரி வள்ளல் வாரிக் கொடுத்தவர்தான். அவர் பெயர் கொண்ட வளைவு யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை!

சென்னைக்காரர்களுக்கு மேடு என்றால் மேம்பாலம்தான். எழுந்து நின்று நாலு மிதி மிதித்தால் தீர்ந்துவிடும். மலையில் அந்த வேலை நடக்காது. முதல் வளைவில் வேகம் காட்டுகிறவர் ஐந்தாவது வளைவில் உட்கார்ந்துவிடுவார்.

ஆனாலும் ஏறுவது பெரிய ஆபத்து அல்ல. கியர் சைக்கிளில் லேசான கியரைப் போட்டு நிதானமாக மிதிக்கலாம். முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம். தள்ளுவதில் வெட்கம் என்ன? நாலு பேர் சிரிப்பார்களே என்று மூச்சு முட்ட மிதிப்பதுதான் மடத்தனம். நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் அங்கேயே நிறுத்த வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பேர் கொடுக்கவே கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கினால் சாலை நடுவிலேயே மயக்கம் வரும்.

இறக்கத்தில் நடப்பது

கண்டம் இறக்கத்தில் காத்திருக்கிறது. சைக்கிள் தானாகவே பறக்கும். வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் போட்டு நிற்பதற்கு நாலு மடங்கு தூரம் வேண்டும். பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தபடியே வந்தால் ரிம் சூடேறும். சூடு அதிகமானால் டியூப் வெடிக்கும். முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டி விழுவார்.

எதிரே பஸ் வரும். வளைவில் திரும்ப அதற்கு முழுச் சாலையும் வேண்டும். மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இது சட்டம். முப்பது பேர் கும்பலாக, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு இறங்கினால் யார் வழிவிடுவது? ஒருவர் விழுந்தால் பின்னால் வருகிற நாலு பேரும் அவர் மேலேயே விழுவார்கள்!

முதலில் கேளுங்கள்!

"கால் தாங்குமா?" என்று கேட்பதைவிட, "கூட்டிப் போகிறவர்கள் எப்படி?" என்று கேட்பதே முக்கியம். இது பந்தயமா, நேரக் கணக்குப் பயணமா, உல்லாசப் பயணமா? பிரெவே என்ற நேரக் கணக்குப் பயணத்தில் 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அங்கே பஞ்சர் ஆனாலும் அவரவர் பாடு. அது தெரியாமல் போய் மாட்டிக்கொண்டு அழுது பயன் இல்லை.

கடைசியாக வருகிறவருடன் யார் வருவார்? பின்னால் வேன் உண்டா? முதலுதவிப் பெட்டி உண்டா? இறங்கும்போது இடைவெளி விட்டு அனுப்புவார்களா? ஹெல்மெட் இல்லாதவரைத் திருப்பி அனுப்புவார்களா? பணம் வாங்கிப் பேர் எழுதுகிறவர்கள் இவற்றுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். "வாங்க அண்ணே, பார்த்துக்கலாம்" என்பது பதில் அல்ல. அப்படிச் சொன்னால் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம்!

குமாஸ்தா நேரே போய்க் கேட்டுவிட்டார். இளைஞர்கள் முதலில் விழித்தார்கள். பிறகு கூடிப் பேசினார்கள். கடைசி ஆளுடன் ஒருவர் வருவார், பின்னால் ஒரு வேனும் வரும் என்று முடிவு செய்தார்கள்.

குமாஸ்தா பேர் கொடுத்தார். சைக்கிளுக்கு புது பிரேக் கட்டை போட்டார். மனைவிக்கு ஒரு வாக்கும் கொடுத்தார். ஏழாவது வளைவில் நிற்பார். மூச்சு சரியாக இருந்தால் மேலே போவார். இல்லாவிட்டால் பாதி மலையோடு வேனில் ஏறித் திரும்புவார்.

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்" என்கிறார். மறுநாள் திங்கட்கிழமை. காலையில் கடை திறக்க வேண்டுமே!