பெட்டிக்குப் பிடித்த ஜுரம்

பழைய காலத்து மோட்டார் வண்டிக்கு வியாதி வந்தால் அதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமாயிருக்கவில்லை. புகை வந்தால் ஒரு வியாதி. புகையே வராவிட்டால் இன்னொரு வியாதி. சப்தம் கேட்டால் ஒன்று, கேளாவிட்டால் மற்றொன்று. டிரைவர் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, ஐந்து நிமிஷம் ஏதோ முணுமுணுப்பார். பிறகு எட்டணாச் செலவில் வண்டி எழுந்து ஓடிவிடும்.

இக்காலத்து வண்டியின் சமாசாரமே வேறு. எஞ்சின் ஜம்மென்று ஓடுகிறது, சக்கரம் உருளுகிறது, பிரேக் பிடிக்கிறது. ஆனால் ஓட்டுகிறவருக்கு எதிரே ஒரு கண்ணாடித் திரையைப் பதித்திருக்கிறார்களே, அது மட்டும் திடீரென்று இருண்டு போகிறது. பாட்டு இல்லை, வழி காட்டும் படம் இல்லை, வண்டியின் பின்புறத்தைக் காட்டும் காமிரா இல்லை, ஆபத்து வேளையில் உதவிக்கு அழைக்கும் பொத்தானும் இல்லை. வண்டிக்கு ஆரோக்கியம், பெட்டிக்கு ஜுரம்!

எங்கள் வீதியில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். உடல் நலமில்லாத தம் மனைவியாரை வாரம் இரு முறை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதற்கென்றே ஒரு சிறு வண்டி வைத்திருக்கிறார். கழுத்து வலியினால் அவருக்குத் திரும்பிப் பார்க்க முடியாது. ஆகையால் குறுகிய சந்திலிருந்து வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது, திரையில் தெரியும் காமிராப் படத்தையே நம்பியிருந்தார். சென்ற மாதம் அந்தத் திரைக்கு ஜுரம் கண்டுவிட்டது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் திரை ஒளிரும், உடனே அணையும், மறுபடி கம்பெனியின் முத்திரையைக் காட்டும், மறுபடியும் அணையும்.

திண்ணை வைத்தியர்கள் கூடினார்கள். ஒருவர், “வைரஸ் புகுந்துவிட்டது, ஸார்” என்றார். இன்னொருவர், “செல்போன் கோபுரத்தில்தான் கோளாறு” என்று அடித்துச் சொன்னார். வண்டியைப் பழுது பார்க்கும் நிலையத்தாரோ, பெட்டி முழுவதையுமே மாற்ற வேண்டுமென்றார்கள். அவர்கள் சொன்ன விலை தலைமை ஆசிரியருடைய இரண்டு மாதப் பென்ஷன்.

அன்று மாலை, தெருக்கோடியில் பாட்டரிக் கடை வைத்திருக்கும் இளைஞன் அவ்வழியே வந்தான். அவன் யாருமே கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டான். “ஐயா, காலையில் மட்டும் இப்படி ஆகிறதா? அல்லது வண்டி கொஞ்ச தூரம் ஓடிய பிறகும் ஆகிறதா?”

“காலையில் மட்டும்தான், தம்பி. வைத்தியசாலையிலிருந்து திரும்பும்போது ஒழுங்காக இருக்கிறது.”

இளைஞன் ஓடிப் போய் மின் அழுத்தம் அளக்கும் கருவியைக் கொண்டு வந்தான். நல்ல பாட்டரி ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட் அளவு காட்ட வேண்டும். வண்டியைக் கிளப்பும் தருணத்தில் அது சற்று இறங்குவது இயற்கை. ஆனால் பத்துக்கு வெகு கீழே போகக்கூடாது. சாவியைத் திருப்பியதும் இந்தப் பாட்டரி 9-க்கும் கீழே சரிந்துவிட்டது. ஐந்து வயதான கிழப் பாட்டரி! அதை மாற்றியதும் திரையின் ஜுரம் அடியோடு நின்றது. பெட்டி ஒரு குற்றமும் செய்யவில்லை. பாவம், பசி மயக்கத்தில் விழுந்து விழுந்து எழுந்திருந்தது!

இந்தச் சிறு சம்பவத்தில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பெட்டிக்கு ஜுரம் என்றால், மருந்து என்ன என்று கேட்பதற்கு முன்னால், வியாதி எங்கே குடியிருக்கிறது என்று கேட்க வேண்டும். அது குடியிருக்கக்கூடிய வீடுகள் மூன்று. முதலாவது, நம் கையிலுள்ள செல்போன். இரண்டாவது, வண்டி. மூன்றாவது, வண்டிக்கு வெளியே எங்கோ தூரத்திலுள்ள வானொலி நிலையம், செல்போன் கோபுரம், கம்பெனியின் கணினி ஆகியவை. முதல் இரண்டு வீடுகளை எல்லோரும் தட்டிப் பார்க்கிறார்கள். மூன்றாவது வீட்டைப் பற்றி நினைப்பவர் சிலரே.

வானத்திலிருந்து வண்டிக்கு வியாதி வருமா என்று வாசகர்கள் கேட்கலாம். அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்தாரைக் கேட்டால் சொல்வார்கள். 2022-ஆம் வருஷம் ஜனவரி மாதக் கடைசியில், அந்நகரிலும் சுற்றுப்புறங்களிலும் மாஸ்டா வண்டி வைத்திருந்தவர் பலருக்கு விசித்திரமான ஒரு கஷ்டம் நேர்ந்தது. அவை 2014 முதல் 2017 வரையிலான மாடல் வண்டிகள். அவர்கள் 94.9 எப்.எம். அலைவரிசையில் கே.யு.ஓ.டபிள்யூ. என்னும் பொது வானொலியைக் கேட்டுக் கொண்டிருந்தார்கள். திடீரென்று ரேடியோ அந்த நிலையத்திலேயே ஒட்டிக் கொண்டுவிட்டது. வேறு நிலையத்துக்கு மாற்றினால் மாறவில்லை. வழி காட்டும் படமும் காமிராவும் வேலை செய்யவில்லை. திரை ஓயாமல் அணைந்து அணைந்து எரிந்தது.

காரணம் என்ன? இக்காலத்து டிஜிட்டல் ஒலிபரப்பில் பாட்டுடனும் பேச்சுடனும் சிறு படங்களும் சேர்ந்து வருகின்றன. ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் கடைசியில், அது எந்த வகைப் படம் என்று சொல்லும் வால் ஒன்று உண்டு. அந்த வானொலியிலிருந்து வாலில்லாத சில படங்கள் வந்துவிட்டன. புதிய வண்டிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பழைய மென்பொருள் உடைய வண்டிகளோ, வாலில்லாத அந்த விருந்தாளியை என்ன செய்வதென்று தெரியாமல் மூளை கலங்கிவிட்டன. புதுப் பெட்டி ஒன்றின் விலை ஏறக்குறைய 1,500 டாலர். அதுவும் உடனே கிடைப்பதாயில்லை. கடைசியில், அவர்களுக்கு இனாமாகவே பெட்டியை மாற்றிக் கொடுக்கக் கம்பெனியார் முன்வந்தார்கள். யோசித்துப் பாருங்கள்! வண்டிக்காரர் செய்த தவறெல்லாம் ரேடியோவில் செய்தி கேட்டதுதான்.

இதற்கு முன்னால், 2016-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், அமெரிக்காவிலுள்ள லெக்ஸஸ் வண்டிகள் பலவற்றுக்கு இதே மாதிரி ஜுரம் கண்டது. சாலை நெரிசலையும் வானிலையையும் தெரிவிக்கும் சேவையிலிருந்து பிழையான தகவல் ஒன்று ஒலிபரப்பாகிவிட்டதே அதற்குக் காரணம். அந்தத் தகவலைத் துடைத்துவிட்டுப் பெட்டியை மறுபடி துவக்கியதும் குணமாகிவிட்டது. அந்தச் சமயம் யாரேனும் அவசரப்பட்டுப் புதுப் பெட்டி வாங்கியிருந்தால், அந்தப் பணம் வீண்தானே?

இவையெல்லாம் தவறுதலாக நேர்ந்தவை. தெரிந்தே நேர்ந்த சங்கதி ஒன்றும் உண்டு. 2022 பிப்ரவரி 22-ந் தேதி, அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. கம்பெனியார் தங்கள் 3ஜி சேவையை நிறுத்தினார்கள். அவ்வருஷ முடிவுக்குள் அந்நாட்டின் மற்றப் பெரிய கம்பெனிகளும் நிறுத்திவிட்டன. செல்போன் வைத்திருந்தவர்கள் புதுப் போன் வாங்கிக் கொண்டார்கள். வண்டிக்குள் பதித்திருந்த 3ஜி கருவியை அப்படி எளிதில் மாற்ற முடியுமா? சில வண்டிகளுக்குப் புதுக் கருவி கிடைத்தது, பலவற்றுக்குக் கிடைக்கவில்லை. விபத்து நேர்ந்தால் தானாகவே உதவி கோரி அழைக்கும் வசதி அந்த வண்டிகளில் ஒரே நாளில் ஊமையாகிவிட்டது. பொத்தான் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. கிணறு தூர்ந்த பிறகும் ராட்டினம் தொங்குவது போல!

வியாதி பெட்டிக்குள்ளேயே இருப்பதும் உண்டு என்பதை மறுக்கவில்லை. டெஸ்லா வண்டிகளின் கதை அதற்கு உதாரணம். 2018-க்கு முற்பட்ட மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகள் பலவற்றின் திரைக்குப் பின்னால் 8 ஜிகாபைட் அளவுள்ள ஒரு ஞாபகச் சில்லு இருந்தது. அந்த வகைச் சில்லில் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதி அழிக்க முடியாது. பள்ளிக்கூடப் பையனின் சிலேட்டைப் போல் நாளடைவில் தேய்ந்து போகும். அந்த வண்டிகளோ தங்கள் தினசரி நடவடிக்கைகளையெல்லாம் ஓயாமல் அதில் எழுதிக் கொண்டேயிருந்தன. சில்லு தேய்ந்ததும் பின்புறக் காமிராவும், கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் வசதியும் போய்விட்டன. இது சௌகரியக் குறைவு மாத்திரமல்ல, அபாயமே என்று அந்நாட்டுப் பாதுகாப்பு அதிகாரிகள் கருதினார்கள். 2021-ல் சுமார் 1,35,000 வண்டிகளைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைக்க நேர்ந்தது.

நிற்க. நம் வண்டியின் பெட்டிக்கு ஜுரம் கண்டால் நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலில் குறித்துக் கொள்ளுங்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எது நின்றது, எது நிற்கவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். திரையில் தெரியும் எச்சரிக்கையைப் படம் பிடித்து வையுங்கள். “எப்போதாவது நிற்கிறது” என்று சொன்னால் கைராசியுள்ள மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய இயலாது.

அடுத்தபடி மூன்று வீடுகளையும் வரிசையாகத் தட்டுங்கள். போனில் உள்ள பாட்டு வரவில்லை, ஆனால் ரேடியோ பாடுகிறது என்றால், பெட்டி பெரும்பாலும் சௌக்கியந்தான். வேறொரு போனை இணைத்துப் பாருங்கள். வேறொரு கம்பியைப் போட்டுப் பாருங்கள். மின்சாரம் மட்டும் ஏற்றும் கம்பிகள் சில உண்டு. அவை போனின் பசியைத் தீர்க்குமே தவிரப் பாட்டைக் கொண்டு போகமாட்டா. போனின் துவாரத்தில் சட்டைப்பைப் பஞ்சு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ப்ளூடூத் இணைப்பானால், போனிலும் வண்டியிலும் பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பது நல்லது. ஒரு பக்கம் மட்டும் நீக்கினால், மற்றொரு பக்கம் பழைய உறவையே பாராட்டிக் கொண்டிருக்கும்.

எந்தப் போனும் சேரவில்லை, திரையே தடுமாறுகிறது என்றால் வண்டியைப் பாருங்கள். சாவியை எடுத்த மாத்திரத்தில் பெட்டி உறங்கிவிடுவதில்லை. கதவைத் திறந்து மூடிப் பூட்டிச் சற்று நேரம் காத்திருந்தால்தான் அது கண்ணை மூடும். அநேக வண்டிகளில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழையோ வேறொரு பொத்தானையோ சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பெட்டி மறுபடி துவங்கும். எந்தப் பொத்தான் என்பதை வண்டியுடன் வந்த புஸ்தகம் சொல்லும். வண்டி ஓடாமல் நிற்கும்போதே இதைச் செய்ய வேண்டும். பாட்டரியையும் ப்யூஸையும் பரீட்சை செய்வதற்கு முன்னால் பெட்டியின் மேல் பழி போடக்கூடாது.

திரையும் ரேடியோவும் சரியாயிருக்கின்றன, ஆனால் வீட்டிலிருந்தபடியே வண்டியைப் பூட்டவும் அது நிற்குமிடத்தைப் பார்க்கவும் முடியவில்லை என்றால், மூன்றாவது வீட்டைத் தட்டுங்கள். நிலத்தடிக் கொட்டகையிலிருந்து வண்டியைத் திறந்த வெளிக்குக் கொண்டு வாருங்கள். சேவைக்குக் கட்டிய சந்தா தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவரை விசாரியுங்கள். அவருக்கும் அதே கஷ்டம் என்றால், உங்கள் வண்டியைப் பிரிப்பதில் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

பெட்டியிலுள்ள அனைத்தையும் அழித்துப் புதிதாக்கும் வித்தையைக் கடைசியில்தான் கையாள வேண்டும். ஆனால் வண்டியை விற்கும்போதும், பழைய வண்டியை வாங்கும்போதும் அதையே முதற் காரியமாகச் செய்ய வேண்டும். பெட்டியில் உங்கள் வீட்டு விலாசமும் நண்பர்களின் எண்களும் இருக்கின்றன. அத்துடன், முன்னாள் சொந்தக்காரரின் கணக்கைக் கம்பெனி மூலமாகவும் நீக்கச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நம்முடையது, சாவி நம்முடையது. ஆனால் அது எங்கே நிற்கிறது என்பதை வேறொருவர் தம் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துக் கொண்டிருக்கலாம்.

புது வண்டி வாங்கப் போகும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டியின் வர்ணத்தையும் மைலேஜையும் விசாரிப்பது போலவே, “இந்த இணைப்புச் சேவை எத்தனை வருஷத்துக்கு? பிறகு சந்தா எவ்வளவு? கோபுரம் மாறினால் கருவியை யார் மாற்றித் தருவார்கள்?” என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். நாம் விலை கொடுத்து வாங்குவது திரையை மட்டுமே. அதற்கு உயிர் கொடுப்பது தூரத்தில் இருக்கிறது. அந்த உயிருக்குத் தவணை உண்டு.

சென்ற வாரம் தலைமை ஆசிரியரைப் பார்த்தேன். மனைவியாரை முன் ஆசனத்தில் உட்கார வைத்து, திரையைப் பார்த்து வண்டியை அழகாகப் பின்னுக்கு எடுத்துக் கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திச் சொன்னார்:

“முப்பத்தைந்து வருஷம் பையன்களைக் கேள்வி கேட்டவன் நான், ஸார். ஆனால் இந்த விஷயத்தில் சரியான கேள்வியைக் கேட்டது யார் தெரியுமா? என் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சையில் இரண்டு முறை தவறிய அந்தப் பாட்டரிக் கடைப் பையன்தான்!”