கவனக்குறைவு குற்றமன்று

வகுப்பில் ஒரு மாணவன் அடிக்கடி இடம்விட்டு எழுகிறான். எழுதத் தொடங்கியதைப் பாதியில் விடுகிறான். நாள்தோறும் பென்சிலைத் தொலைக்கிறான். உடனே அவனைச் ‘சோம்பேறி’ என்கிறோம். பெற்றோரின் வளர்ப்பையும் பழிக்கிறோம். இவ்விரண்டும் தவறு என்பதே என் கருத்து.

என்றோ ஒருநாள் கவனம் சிதறுவது எல்லார்க்கும் இயல்பு. ஆனால், சிறுவயது முதலே வீட்டிலும் பள்ளியிலும் அது தொடர்ந்து இடர் தருமாயின், ‘கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு’ காரணமாக இருக்கலாம். இத்தகைய குழந்தைகளைப் பற்றி 1902ஆம் ஆண்டிலேயே இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர் உரையாற்றினார்.

இதன் வேர் பெரும்பாலும் உடலில் உள்ளது. இரட்டையரை ஆராய்ந்த அறிஞர்கள், இக்குறைபாட்டில் மனிதர்க்குள் காணப்படும் வேறுபாட்டிற்கு 70 முதல் 80 விழுக்காடு வரை மரபே காரணம் எனக் கணித்துள்ளனர். ஒரு மரபணு மட்டும் இதனை விளைவிப்பதில்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன. கவனத்தை நெறிப்படுத்தும் மூளையின் முன்பகுதியும், டோபமைன் போன்ற வேதிப்பொருள்களும் இதில் தொடர்புடையன. குறைமாதப் பிறப்பும் வாய்ப்பை மிகுவிக்கும்.

எனினும், மரபு மாறாத விதியன்று. பயிற்சியும், தேவையெனில் மருந்தும் பயன் தரும். நம் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் குழந்தைகள் மனநலத்திற்கெனத் தனித்துறையே உள்ளது.

பார்வை குறைந்தவனைக் கடிந்தால் கரும்பலகை தெளிவாகத் தெரியுமா? மாணவர்களே, வீட்டுப்பாடத்தை மறக்கும் தோழனுக்கு அதனை நினைவூட்டுங்கள். ‘சோம்பேறி’ என்னும் சொல்லை இன்றே கைவிடுங்கள்.